நான் கேட்கச் சொன்ன மன்னிப்பு

அந்தப் பெண்ணின் கன்னத்தில் அடி விழுந்தபோது நான் வார்டில் இல்லை. கீழே மருந்துக் கிடங்கில், வர வேண்டிய சலைன் பாட்டில்கள் ஏன் வரவில்லை என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். வார்டு ஆயாம்மா மூச்சு வாங்க வந்து நின்று, "சிஸ்டர், கொஞ்சம் மேல வாங்க" என்றார். முட்டிவலிக்காரர், லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் மூன்று மாடி இறங்கி வந்திருந்தார். அதைப் பார்த்ததும் நான் ஓடியிருக்க வேண்டும். ரசீதில் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

பீளமேட்டுப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை அது. மூன்றாம் மாடியில் பொது மருத்துவ வார்டு, இருபத்தெட்டுப் படுக்கை. அந்த வார்டுக்கு நான் இன்சார்ஜ் ஆகி எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் பதினாறு வருடம் அதே கட்டடத்தில் நர்ஸ். இன்சார்ஜ் என்றால் யாருக்கு எந்த ஷிஃப்ட், யாருக்கு எப்போது லீவு, எந்தப் படுக்கையை யார் பார்ப்பது என்று முடிவு செய்ய வேண்டும். டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வரும்போது கூடவே போக வேண்டும். எது தவறினாலும் முதல் பதில் நாம்தான் சொல்ல வேண்டும். என்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். என் பதிவேடுகளில் அடித்தல் திருத்தல் இருக்காது. என்னால் மேலே இருப்பவர்களுக்கு ஒரு நாளும் தலைவலி வந்ததில்லை. வார்டு விஷயம் வார்டோடு முடிந்துவிட வேண்டும், புகார் ஆபீசுக்குப் போகக் கூடாது, அப்படி நடத்துகிறவள்தான் நல்ல இன்சார்ஜ் என்று நானும் நம்பியிருந்தேன்.

அன்று காலை எட்டு மணிக்கு நர்சிங் சூப்பரிண்டெண்டென்ட் மேடம் போன் செய்திருந்தார். ஐசியூவில் ஆள் குறைவு, உங்கள் வார்டிலிருந்து ஒருவரை அனுப்ப முடியுமா என்று கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் சரிங்க மேடம் என்று சொல்லிவிட்டேன். எங்கள் வார்டில் ஒரு பக்கத்துப் பதினான்கு படுக்கைகளை இரண்டு பேர் பார்ப்பது வழக்கம். ஒருத்தியை அனுப்பிவிட்டதால் மற்றவள் தனியாக நின்றாள்.

அவளுக்கு இருபத்து நான்கு வயது. சிங்காநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். எங்களிடம் சேர்ந்து ஒன்றரை வருடம். வேகமாகப் பேசத் தெரியாது. வேலை மட்டும் வேகம். அடி வாங்குவதற்கு இருபது நிமிடம் முன்பு ஒரு அம்மாவுக்கு மூச்சுத் திணறி, அவள் ஆக்சிஜன் வைத்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறாள். அதே நேரத்தில் தனியறையில் சர்க்கரை நோயோடு படுத்திருந்த ஒரு பெரியவருக்குக் கையிலிருந்த டிரிப்ஸ் ஊசி கழன்று, படுக்கையில் கொஞ்சம் ரத்தம் பட்டிருக்கிறது. கூட இருந்த மகன் மணியை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். அந்த அம்மாவுக்கு மூச்சு சீரான பிறகு இவள் ஓடியிருக்கிறாள். அவர் கத்தியிருக்கிறார். "அங்க ஒரு அம்மாவுக்கு மூச்சு முட்டிருச்சுங்க, அதானுங்க நேரமாயிருச்சு" என்று இவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடி விழுந்திருக்கிறது.

நான் மேலே போனபோது அவள் மருந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்று கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இடது கன்னத்தில் விரல்கள் தடித்துத் தெரிந்தன. என்னைப் பார்த்ததும், "அந்தத் தாத்தாவுக்கு வேற கையில ஊசி போட்டுட்டனுங்க சிஸ்டர். டிரிப்ஸ் ஓடுதுங்க" என்றாள். அடி வாங்கிய பிறகு, அடித்தவர் பக்கத்தில் நிற்க, அவருடைய அப்பாவுக்கு ஊசி போட்டுவிட்டுத்தான் வெளியே வந்திருக்கிறாள்.

நான் அவளைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி இது: "நீ என்ன சொன்ன?"

அவள் ஒரு கணம் புரியாதவள் போல என்னைப் பார்த்தாள். பிறகு நடந்ததை ஒப்பிப்பதைப் போலச் சொன்னாள். முகம் கழுவிவிட்டு வா என்று அனுப்பினேன். சுற்றி நின்ற மற்ற நர்சுகளை, பேஷண்டுகள் பார்க்கிறார்கள், போய் வேலையைப் பாருங்கள் என்று கலைத்தேன். எல்லாம் இரண்டு நிமிடத்தில் அடங்கிவிட்டது. அப்படி அடக்கியதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது என்பதை இப்போது எழுதும்போதுதான் ஒத்துக்கொள்கிறேன்.

மதியம் நிர்வாக அதிகாரியின் அறைக்குக் கூப்பிட்டார்கள். சூப்பரிண்டெண்டென்ட் மேடமும் இருந்தார். பெரியவரின் குடும்பத்துக்குச் சொந்தமாகப் பம்புசெட் பட்டறைகள் இருந்தன. மருத்துவமனையின் மேலிடத்தோடு நெருங்கிய பழக்கம். நிர்வாக அதிகாரி மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"அவிக செஞ்சது தப்புத்தானுங்க சிஸ்டர், நான் இல்லைங்கல. அப்பாவுக்கு ரத்தம் வர்றதைப் பாத்ததும் கை நீண்டிருச்சு. நம்ம பக்கமும் இருபது நிமிசம் யாரும் போகல பாருங்க."

"போலீசுல எழுதிக் குடுக்கலாமுங்களா சார்?" என்று கேட்டேன். கேட்கும்போதே குரல் கீழே இறங்கிவிட்டது. வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால் நல்லது என்று நானே எதிர்பார்த்த குரல் அது.

"எழுதிக் குடுத்தா நாளைக்குப் பேப்பர்ல வரும். அந்தப் புள்ளை பேரும் வரும். கல்யாணம் ஆகாத புள்ளை. எதுக்குங்க? ரெண்டு பேரும் ஆளுக்கொரு வார்த்தை சாரி சொல்லி முடிச்சுக்கட்டும்."

மேடம் என் பக்கம் திரும்பி, "நீங்க சொன்னாக் கேப்பா. உங்க மேல அவளுக்கு அவ்வளவு மரியாதை" என்றார்.

அந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த நாள் காலை துணி அலமாரி இருக்கும் சின்ன அறையில் அவளை உட்கார வைத்துப் பேசினேன். கன்னத்துத் தடிப்பு வடிந்துவிட்டிருந்தது. தாமதமானதற்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடு, அவரும் சொல்வார், அதோடு முடிந்துவிடும் என்றேன்.

"நான் என்னங்க சிஸ்டர் தப்புப் பண்ணினேன்?"

"தப்பு இல்ல கண்ணு. யாரு தப்புன்னா சொல்றேன்? ஒரு வார்த்தைதான்."

அவள் மடித்து வைத்த போர்வைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐசியூவுக்கு ஆளை அனுப்பியது நான்தான் என்று அவளுக்குத் தெரியும். அதை அவள் சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். அவள் சொல்லவில்லை.

"நீங்க சொன்னாச் சொல்லிப்போடறனுங்க" என்று எழுந்தாள்.

தனியறைக்கு நான்தான் கூட்டிப்போனேன். மகன் ஜன்னலோரம் நின்று போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கட்டிலின் கால்மாட்டில் நின்று, "நேத்து வர்றதுக்கு நேரமாயிருச்சுங்க, மன்னிச்சுக்குங்க" என்றாள். அவர் தலையை நிமிர்த்தி, சரி என்பது போல ஆட்டிவிட்டு மறுபடியும் போனுக்குள் போய்விட்டார். அவர் சொல்ல வேண்டிய வார்த்தைக்காக நான் நின்றேன். படுத்திருந்த பெரியவர்தான் பேசினார். ஊசி போட்ட கையைத் தூக்க முடியாமல் மற்றக் கையைத் தூக்கி, "நீ எதுக்கு அம்மணி சொல்ற? நீ போ சாமி, போ" என்றார். மகன் அதற்கும் திரும்பவில்லை.

சாயங்காலம் நிர்வாக அதிகாரி போன் செய்து, நல்லபடியாக முடித்துக் கொடுத்தீர்கள் என்று பாராட்டினார்.

அதன் பிறகு வார்டில் சத்தம் குறைந்தது. முன்பெல்லாம் டீ நேரத்தில் என்னைச் சுற்றி நின்று ஏதாவது புலம்பிக்கொண்டிருப்பார்கள். இந்த டாக்டர் எழுத்துப் புரியவில்லை, அந்தப் பேஷண்ட் மருந்தைத் துப்பிவிட்டார், பாட்டில் கைதவறி உடைந்துவிட்டது, இப்படி. அதெல்லாம் நின்றுபோனது. "ஏதாச்சும் பிரச்சினையா?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லைங்க சிஸ்டர், எல்லாம் நல்லா இருக்குதுங்க" என்று பதில் வரும். எங்கள் ஊரில் கோபத்திலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார்கள். கேட்கிறவருக்கு அது கோபமா மரியாதையா என்று தெரியாது. நான் மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன்.

அவள் மூன்றாவது வாரம் ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள். சொந்தக் காரணம் என்று எழுதியிருந்தது. சரவணம்பட்டியில் ஒரு ஐடி கம்பெனிக்குள் இருக்கும் மருத்துவ அறையில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாள். தலைவலி, காய்ச்சல் என்று வருகிறவர்களுக்கு மாத்திரை கொடுக்கும் வேலை. அவ்வளவு சுத்தமாக ஊசி போடுகிற கைக்கு அந்த வேலை எதற்கு என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. கடைசி நாளில் லாக்கரிலிருந்து வெள்ளை ஷூவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "வாரனுங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த மாத மீட்டிங்கில் மேடம் எங்கள் வார்டைப் புகழ்ந்தார். மருந்து மாறியது, பேஷண்ட் விழுந்தது என்று எது நடந்தாலும் அதற்கென்று ஒரு படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் வார்டிலிருந்து அந்த மாதம் ஒரு படிவம்கூட வரவில்லை. மற்ற இன்சார்ஜுகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் புன்னகைத்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு காலை ரவுண்ட்ஸில், ஒன்பதாவது படுக்கை அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். காய்ச்சலுக்காகச் சேர்ந்தவர். நூல் மில்லில் வேலை பார்ப்பவர். அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போக வேண்டியவர்.

"உங்க புள்ளைக தங்கமான புள்ளைகங்க. முந்தாநேத்து மத்தியானம் எனக்கு வேர்த்து ஊத்தி, கைகாலெல்லாம் உதறி, கண்ணே தெரியலீங்க. மூணு புள்ளைக ஓடி வந்து, நரம்புல என்னமோ மருந்து ஏத்தி, அரை மணி நேரம் என்னைய உட்டு நகரலீங்க. உங்ககிட்டச் சொல்லோணும்னு இருந்தேன்."

நான் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டு, அவருடைய ஃபைலைத் திறந்து பார்த்தேன். முந்தாநாள் மதியத்தில் எதுவும் எழுதப்படவில்லை. அவசர மருந்துப் பெட்டியைத் திறந்தேன். குளுக்கோஸ் ஊசி மருந்தில் இரண்டு குறைந்தது. பத்தாவது படுக்கையிலும் அதே பெயருள்ள இன்னொரு அம்மா படுத்திருந்தார். அவருக்குத்தான் சர்க்கரை நோய், அவருக்குத்தான் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின். என்ன நடந்தது என்று ஒருவரும் சொல்லாமலே தெரிந்துவிட்டது. பத்துக்குப் போட வேண்டிய ஊசியை ஒன்பதுக்குப் போட்டிருக்கிறார்கள். சர்க்கரை சரசரவென்று இறங்கியிருக்கிறது. பதறி ஓடிக் காப்பாற்றியும் இருக்கிறார்கள். மூன்று நர்சுகள், ஒரு இளம் டாக்டர், ஆயாம்மா, பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. என்னைத் தவிர.

முதலில் வந்தது கோபம்தான். அன்று ஷிஃப்டில் இருந்த மூத்த நர்ஸைத் துணி அறைக்குக் கூப்பிட்டேன். என்னைவிட நான்கு வயது பெரியவர். நான் இன்சார்ஜ் ஆகும் முன் பத்து வருடம் ஒரே டப்பாவில் சாப்பிட்டிருக்கிறோம்.

"ஒரு உயிர் போயிருக்கும். எங்கிட்ட ஏன் சொல்லலீங்க?"

அவர் மறுக்கவில்லை. "தப்புத்தானுங்க. சொல்லியிருக்கோணும்" என்றார். பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டார்: "சொல்லியிருந்தா, ஊசி போட்ட புள்ளைய எங்க கூட்டிட்டுப் போய் நிறுத்தியிருப்பீங்க சிஸ்டர்?"

அவர் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போய்விட்டார். அந்த அறையில் போர்வைகளுக்கு நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்டில் கெட்ட செய்தி முதலில் யாரிடம் போக வேண்டுமோ அவரிடம் போகவில்லையென்றால், அந்த வார்டில் யாருடைய உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. அதை நர்சிங் மாணவிகளுக்கு நானே எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஊசி போட்டவள் சேர்ந்து ஐந்து மாதமே ஆனவள். நான் கூப்பிட்டதும் அழுதுகொண்டே வந்தாள். அன்று அவள் கையில் எத்தனை படுக்கை என்று கேட்டேன். பதினான்கு. அன்றும் ஐசியூவுக்கு ஒருத்தியை அனுப்பியிருந்தேன்.

பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னேன். பேஷண்டிடம் நாமே சொல்லிவிட வேண்டும் என்றேன். அவர் யோசித்துவிட்டு, நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள், நானும் வருகிறேன் என்றார். அந்த அம்மாவின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு உங்களுக்கு வேர்த்து வந்தது எங்க தப்பாலங்கம்மா. உங்களுக்குப் போட வேண்டாத ஊசியப் போட்டுட்டோம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, மருந்து ஏற்றிய இடத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைத் தடவினார்.

"அப்ப நான் போயிருப்பனாங்க?"

"போயிருக்கலாமுங்க. புள்ளைக உடனே பாத்ததால தப்பிச்சீங்க."

காலையில் என் கையைப் பிடித்த கையை அவர் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். மாலையில் அவருடைய கணவர் வந்ததும், இனி ஒரு ராத்திரிகூட இங்கே இருக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். போகும்போது அந்த அம்மா எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

படிவத்தை நானே எழுதினேன். ஒரே பெயருள்ள இருவரை அடுத்தடுத்த படுக்கையில் போட்டது, கையில் கட்டியிருக்கும் பெயர்ப்பட்டையைப் பார்க்காமல் ஊசி போட்டது, பதினான்கு பேருக்கு ஒருத்தியை நிறுத்தியது என்று எழுதி, கடைசிக் காரணத்துக்கு நேராக என் பெயரை எழுதினேன். மேடம் அதைப் படித்துவிட்டு, "உங்க பேர எதுக்கு இழுக்கறீங்க? ஊசி போட்டது அவதானே?" என்றார். ஆளை அனுப்பியது நான்தானே மேடம் என்றேன். கேட்டது அவர் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அந்தப் பெண்ணை வேலையை விட்டு அனுப்பச் சொன்னபோது, அப்படியானால் என் கடிதத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். தைரியத்தில் சொன்னேனா, வெட்கத்தில் சொன்னேனா என்று இன்றுவரை எனக்கே தெரியாது. அவளை வைத்துக்கொண்டார்கள். எனக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள். அடுத்த வாரம் மேடம் ஆள் கேட்டு மறுபடியும் போன் செய்தார். அனுப்ப முடியாதுங்க மேடம் என்று சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதையே பிடித்துக்கொண்டு நின்றேன்.

இதெல்லாம் முடிந்து சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் கோயில் வாசலிலிருந்து நேராகச் சிங்காநல்லூருக்குப் பஸ் ஏறினேன். குளத்துக்குப் பக்கத்தில் உள்ளே தள்ளி ஒரு ஓட்டுவீடு. அவளுடைய அப்பா கதவைத் திறந்தார். மில்லில் முப்பது வருடம் இயந்திரங்களுக்கு நடுவே நின்றவர், காது கொஞ்சம் மந்தம், அதனால் சத்தமாகப் பேசினார். அவள் என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டாள். உடனே "வாங்க சிஸ்டர், உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டீ கொண்டுவந்தாள். புது வேலை பரவாயில்லை, ஏசி ரூம், ஞாயிறு லீவு என்று சொன்னாள்.

அப்பா வெளியே போன நேரத்தில் சொன்னேன்: "அன்னைக்கு உன்ன அந்த ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாது கண்ணு. நான் பண்ணினது தப்பு."

அவள் டம்ளரின் விளிம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "அவரு அடிச்சதுகூட மறந்துபோச்சுங்க சிஸ்டர். நெசமாத்தானுங்க. நீங்க என் தோள்ல கை வெச்சுக் கூட்டிட்டுப் போனீங்க. அந்தக் கைதானுங்க இன்னும் மறக்க மாட்டேங்குது."

நான் அவள் தோளில் கை வைத்தது எனக்கு நினைவே இல்லை.

"திரும்பி வந்துடறியா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க சிஸ்டர்" என்றாள். யோசிக்கக்கூட இல்லை. பிறகு, சொன்னது பட்டென்று இருந்துவிட்டதோ என்று நினைத்தவள் போல, "டீ ஆறிருச்சுங்களா? வேற போட்டுத் தரட்டுங்களா?" என்றாள்.

பஸ் ஸ்டாப் வரை அவளுடைய அப்பா கூட வந்தார். பாதி வழியில் நின்று, குரலைத் தாழ்த்தப் பார்த்தார். அவருக்கு அது வரவில்லை, தெருவுக்கே கேட்டிருக்கும்.

"ஏனுங்க சிஸ்டர், பெரிய ஆஸ்பத்திரி வேலைய இந்தப் புள்ளை ஏனுங்க உட்டுப்போட்டா? ஆசைப்பட்டுப் படிச்ச படிப்புங்க. கேட்டா வாயவே தொறக்க மாட்டேங்கறா. அங்க ஏதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டாளுங்களா?"

ஆறு மாதமாக அவள் வீட்டில் சொல்லவே இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அன்று தடித்த கன்னத்தோடு வீட்டுக்குப் போய் என்ன சொல்லிச் சமாளித்தாளோ. எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அவள் மறைத்ததை அவளைக் கேட்காமல் சொல்ல எனக்கு என்ன உரிமை என்றும் இருந்தது.

"அவ ஒரு தப்பும் பண்ணலீங்க" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. காதருகே குனிந்து மறுபடியும் சத்தமாகச் சொன்னேன். "தப்பெல்லாம் எங்க மேலதானுங்க."

அவர் தலையை ஆட்டினார். இன்னும் ஏதோ வரும் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் வந்தது. நான் ஏறிக்கொண்டேன்.